கலியாணப் பக்கத்தைத் திருப்ப மாட்டன்

ஜப்பான் அம்மா வாற அண்டைக்கு நான் வாயைத் திறக்கக் கூடாதெண்டு செல்வம் அண்ணை காலமையே சொல்லிப்போட்டார். எனக்கு இப்பிடிக் கட்டளை போட்ட முதலாளிமாரை எண்ணினால் கை விரல் காணாது.

தொண்ணூறுகளிலை, நாங்கள் புலம்பெயந்து வந்த அஜின்கோர்ட்டிலை அவரின்ரை அச்சகம். கலியாணக் காட், மரண அறிவித்தல், ரெஸ்ரோறன்ட் மெனு எல்லாம் அடிப்பம். கீழை வெளிச்சம் எரியிற லைட் டேபிளிலை அச்சுக்குப் போற பக்கங்களின்ரை பிலிம் அடுக்கிறது என்ரை வேலை. டவுன்டவுனிலை ஒரு சின்னப் பதிப்பகம் மங்கா எண்ட ஜப்பான் படக்கதைப் புத்தகம் ஒண்டை இங்கிலீசிலை போட எங்களிட்டைத் தந்தது.

அதைக் கீறின அம்மா லேசுப்பட்ட ஆளில்லை. பெரிய ஓவியர் ஒருத்தரிட்டை உதவியாளாச் சேந்து, வருசக்கணக்கா மழையும் கூரையும் மட்டும் கீறினவ. பிறகு தன்ரை கதையை வாரப் பத்திரிகையிலை தொடங்க, பள்ளிக்கூடப் பெட்டையள் கடை வாசலிலை வரிசையிலை நிண்டு வாங்கினவையாம். ஜப்பானுக்கு ஏன் போவான்? எங்கட பக்கத்துச் சைனீஸ் மோலிலையே ஜப்பான் எழுத்து ஒண்டும் தெரியாத பிள்ளையள் அந்தப் புத்தகத்தைத் தேடி வாங்கிக்கொண்டு போனதுகள்.

ஜப்பான் புத்தகம் வலமிருந்து இடம் போகும். இங்கத்தைய சனத்துக்கு விளங்காதெண்டு பதிப்பகம் பயந்தது. பிலிமைக் கவிட்டுப் போட்டால் படம் இடம்வலமா மாறீடும். முழுப் புத்தகத்தையும் நான்தான் கவிட்டன்.

புரூஃப் பாக்க அந்த அம்மா மொழிபெயர்ப்பாளரோடை வந்தா. பக்கம் பக்கமாத் தட்டிக்கொண்டு வந்தவ, கலியாணப் பக்கத்திலை நிண்டிட்டா. உயிரோடை இருக்கிறவை உடுப்பின்ரை இடப்பக்கத்தை மேலை விட்டுக் கட்டுவினமாம். மாறிக் கட்டுறது பிணத்துக்கு மட்டுமாம்.

"என்ரை கலியாணப் பொம்பிளையைச் சவமாக்கிப் போட்டியள். இப்பிடி வாறதெண்டால் புத்தகம் வேண்டாம்."

செத்தவீட்டிலை நாங்களும் எல்லாத்தையும் மாறித்தானே சுத்துறம். கலியாணக் காட்டுக்கு ஒருக்கால் கறுப்புக் கரை அடிச்சுக் குடுத்திருந்தால் எங்கட சனம் கடையை விட்டு வைக்குமே?

காலமை வாயை மூடச் சொன்ன செல்வம் அண்ணை சிரிச்ச முகத்தோடை தமிழிலை சொன்னார், "பிள்ளை, நேரா அடிக்க மெஷின் விடாதெண்டு சொல்லு. மனிசி நம்பீடும்."

எனக்கு வந்த கோவம் சொல்லேலாது. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை மொழிபெயர்ப்பாளரைப் பாத்துச் சொன்னன்: நேரா அடிக்கலாம், பிலிமைக் கவிட்டது நான், நானே நிமித்தித் தாறன்.

"நீ ஆரிட்டைச் சம்பளம் வாங்கிறாய்?" எண்டார் அண்ணை.

"உங்களிட்டைத்தான். ஆனா உந்தப் பக்கத்தை இனித் திருப்ப மாட்டன்."

பதிப்பகத்துக்காரர் போனிலை குதிச்சார், பின்னுக்கிருந்து திறக்கிற புத்தகத்தை எந்த விசரன் வாங்குவானெண்டு. மோலுக்குப் போய்ப் பாருங்கோ எண்டன். போனவர். பிள்ளையள் நிண்ட நிலையிலை பின்னுக்கிருந்து வாசிக்கிறதைப் பாத்திட்டு வந்து, வேண்டாவெறுப்பா ஓம் எண்டார். புத்தகம் அந்த அம்மா கீறின மாதிரியே வந்திச்சுது. அவவின்ரை கையெழுத்து வாங்க வந்த சனம் தெருவரைக்கும் நிண்டது.

செல்வம் அண்ணை என்னை லைட் டேபிளிலை இருந்து எடுத்துப் பேப்பர் வெட்டுற பக்கம் விட்டார். அடுத்த மாசமே பக்கத்து மார்க்கம் நகரிலை வேறை வேலை தேடிக்கொண்டு வெளிக்கிட்டிட்டன். கவலைப்படேல்லை, இண்டைக்கும் இல்லை.

பிள்ளையள், மெஷின் விடாதெண்டு முதலாளி சொல்லச் சொன்னால் முதல்ல மெஷினைப் போய்ப் பாருங்கோ. இத்தினை வருசத்திலை மாட்டன் எண்டு சொன்ன மெஷினை நான் காணேல்லை. அதைச் சொல்லுறது மனிசற்றை வேலை.