கால்மாட்டில் ஒரு துண்டு

டிப்போவில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவள் சேவல் அக்கா. பொம்பளைக்கு ஏன் சேவல் என்று பெயர் வைத்தீர்கள், கோழி என்றல்லவா வைத்திருக்க வேண்டும் என்று புதிதாக வந்த கண்டக்டர் எவனாவது வாயைக் கொடுப்பான். மறுநாள் விடிவதற்கு முன் அவன் கட்டிலருகே அவள் வந்து நின்றதும் அந்தச் சந்தேகம் தானாகத் தீர்ந்துவிடும்.

முதல் ட்ரிப் எடுக்க வேண்டியவர்கள் முந்தின ராத்திரியே வந்து ஓய்வறையில் படுத்துக்கொள்வார்கள். அவர்களை நேரத்துக்கு எழுப்பி வண்டியில் ஏற்றி அனுப்புவது அவள் வேலை. அவளுக்கு முன்னால் இருந்தவர் விசில் ஊதி எழுப்பினார். அதனால் எழுந்திருக்க வேண்டியவன், தூங்க வேண்டியவன் எல்லாரும் ஒன்றாக எழுந்து சண்டை போட்டதுதான் மிச்சம். அவள் ஒவ்வொருவராக எழுப்பினாள். நெட்டை டிரைவருக்குக் கட்டை விரலைத் தொட்டால் போதும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தூக்கத்திலேயே பிரேக்கை மிதிப்பார், பக்கத்துக் கட்டில்காரருக்கு உதை விழும். குண்டுக் கண்டக்டர் காதில் "ஒரு டிக்கெட் குடுங்க" என்று மெல்லச் சொன்னால் அவர் கை தானாகப் பையைத் தேடும். மீசைக்காரர் மட்டும் எதற்கும் மசியமாட்டார். "உங்க வண்டியை வேற ஆள் எடுத்துட்டாரு" என்றால் போர்வையைக்கூட மடிக்காமல் ஓடுவார்.

ஆனால் அவள் கை படாத கட்டில்களும் உண்டு. கடைசி ட்ரிப் முடித்துவிட்டு வந்து படுத்தவர்கள் கட்டிலின் கால்மாட்டில் துண்டைத் தொங்கவிடுவார்கள். துண்டு தொங்கினால் அவரை யாரும் எழுப்பக் கூடாது, அவராக எழுந்தால்தான் உண்டு. அது அவளே போட்ட சட்டம். ஒருநாள் டிரைவர் ஒருவர் வராமல் போக, மேனேஜரே ஓய்வறைக்குள் நுழைந்துவிட்டார்.

"அந்த ஆளை எழுப்பும்மா, வண்டி நிக்குது."

"துண்டு போட்டிருக்காரு சார்."

"நான் மேனேஜர் சொல்றேன்."

"நீங்க வண்டிக்கு மேனேஜர் சார், தூக்கத்துக்கு இல்ல. அந்த மனுஷன் உழைச்சுட்டுத்தான் படுத்திருக்காரு."

அன்றைக்கு அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் கட்டிலை மறித்து நின்றவள் விலகவில்லை. மகளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்வாள். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்த பிள்ளை, ராஜா ராணிக்குப் பதிலாக மேனேஜரையும் துண்டையும் கேட்டு வளர்ந்தது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் முடக்குவாதம் வந்தது. முதலில் விரல் முட்டிகள் வீங்கின, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். வலியைக்கூட அவள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது அசதியைத்தான். நாள் முழுக்கக் கல் உடைத்தவள் மாதிரி படுப்பாள். உச்சி வெயிலில் கண் திறந்தால் தூக்கத்திலும் கல் உடைத்துக்கொண்டிருந்தது போலவே இருக்கும். அலாரம் அடித்தது தெரியாது. பால்காரர் கதவைத் தட்டியது தெரியாது. டாக்டர் "அசதியும் இந்த நோய்லதாம்மா சேர்த்தி, சோம்பேறித்தனம் இல்ல" என்று படித்துப் படித்துச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை. வேலையையும் விட வேண்டியதாயிற்று.

மாடி வீட்டில் இருந்த நாத்தனார் வேறு சும்மா இருக்கமாட்டாள். "அண்ணி குடுத்து வச்சவங்க. எனக்குக் கண்ணை மூடினா ஆயிரம் வேலை ஞாபகம் வருது" என்பாள். கெட்ட எண்ணமில்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். அந்தப் பேச்சைக் கேட்ட நாளெல்லாம் அவள் சமையலறையில் பாத்திரங்களைத் தேவையில்லாமல் மறுபடி கழுவுவாள். எத்தனை பேரை எழுப்பிய கை இது என்று தன் வீங்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். டீசல் வாசனையும், முதல் வண்டி உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது ஒரு கை ஜன்னல் வழியாக அவளுக்கு டாட்டா காட்டுவதும் நினைவுக்கு வரும்.

மகளுக்கு அதே டிப்போவில் டிரைவர் வேலை கிடைத்தது. முதல் நாளே முதல் ட்ரிப். ராத்திரி டிப்போவில் படுக்காமல் வீட்டிலிருந்தே போக அன்றைக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தாள்.

"உன்னை நான்தான் எழுப்புவேன். இது ஒண்ணாவது நான் செய்யணும்" என்றாள் அம்மா.

மகளை எழுப்பவும் ஒரு வழி உண்டு. காதோரத்து முடியை ஒதுக்கி, "மழை பெய்யுது, இன்னும் கொஞ்சம் தூங்கு" என்று சொன்னால் போதும், மழை பார்க்க எழுந்து ஓடிவிடுவாள். பள்ளிக்கூடக் காலம் முழுக்க இப்படி ஏமாந்தவள்.

முந்தின நாள் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. யூனிஃபார்மை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். ஷூவுக்குப் பாலிஷ் போட்டாள். மறுநாளைக்கு வேண்டியதையும் சேர்த்துச் சமைத்தாள். மகள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தும் கேட்கவில்லை. சத்தம் பெரிதாகக் கேட்கட்டும் என்று அலாரம் கடிகாரத்தை ஒரு வெறும் குண்டானுக்குள் போட்டுத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தாள்.

கண் விழித்தபோது வெயில் சுவரில் பாதி இறங்கியிருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனாள். மடித்து வைத்த போர்வை மட்டும்தான் இருந்தது. குண்டான் சமையலறையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கடிகாரம் அதன் பக்கத்தில் ஒன்றும் தெரியாதது போல ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குத் தெருவே எழுந்திருக்கும், அவள் மட்டும் எழவில்லை. ஊரில் உள்ளவர்களையெல்லாம் எழுப்பிவிட்டுப் பெற்ற பிள்ளையை எழுப்ப வக்கில்லாமல் போய்விட்டதே என்று வாய்விட்டு அழுதாள்.

திரும்பி வந்து உட்காரப் போனவள், கட்டிலின் கால்மாட்டைப் பார்த்து அப்படியே நின்றாள். அங்கே ஒரு நீலத் துண்டு தொங்கியது. ஓய்வறைக்குக் கொண்டுபோவதற்கென்று மகள் யூனிஃபார்மோடு வாங்கிய புதுத் துண்டு.

போன் அடித்தது.

"அம்மா, முதல் ட்ரிப் முடிஞ்சுது. வண்டி சொன்ன பேச்சு கேட்டுச்சு. ஆமா, உன்னை யாராவது எழுப்பினாங்களா?"

"இல்லடி, நானாத்தான் முழிச்சேன். ஏண்டி என்னை எழுப்பல? இன்னிக்கு ஒரு நாளாவது..."

"துண்டு தொங்குச்சே."

"நீ போட்டதுதானேடி!"

"யார் போட்டா என்ன? அத்தைகூட உன்னை எழுப்ப வந்தாங்க. வாசல்லயே மறிச்சுட்டேன். துண்டு தொங்குது அத்தைன்னேன். அவங்களுக்கு ஒண்ணும் புரியல, ஆனா போயிட்டாங்க."

"அது உழைச்சுட்டு வந்து படுத்தவங்களுக்குடி. நான் என்ன உழைச்சேன்?"

"அந்த உடம்போட யூனிஃபார்ம் தேச்சது யாரு, நானா? தூங்கி எழுந்திருக்கிறதே உனக்கு ஒரு டூட்டிதான்மா. கிளம்பும்போது உன் காது முடியை ஒதுக்கி, மழை பெய்யுது, இன்னும் கொஞ்சம் தூங்குன்னு சொன்னேன். நீ நல்ல பிள்ளையா தூங்கிட்டே. எனக்கு அது போதும். சரி, அடுத்த ட்ரிப்புக்கு நேரமாச்சு, வைக்கிறேன்."

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். மூட்டுகள் கெஞ்சின, கண்கள் மறுபடி சொருகின. எழுந்து போய் எதையாவது கழுவலாம் என்று துண்டை எடுக்கக் கை நீட்டினாள். பாதியிலேயே கை நின்றது. மேனேஜருக்கே விட்டுக்கொடுக்காத சட்டம். அவள் கையை இழுத்துக்கொண்டு, துண்டு சரியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கால்களை நீட்டிப் படுத்தாள்.