எலுமிச்சை அரியும் முன்பே

அலங்காநல்லூரைத் தாண்டி ஒரு வாய்க்கால் கரை ஊரில் வாழ்க்கைப்பட்ட பாண்டிச்செல்விக்கு, முப்பத்தாறு வயதுவரை தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வீடு மாமியார் இருளாயியுடையது. வயல் கணவன் மலைச்சாமியுடையது. செவலைப் பசு வீட்டுக்கே பொது. கறப்பது மட்டும் இவள். பன்னீர்தான் அவளுக்கே அவளுக்கென்று வந்தது. போனில் பார்த்துப் பழகி, இரண்டு முறை ரப்பராக்கி, மூன்றாவது முறை பிடித்துவிட்டாள். கறந்த பாலைக் காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து, திரிந்ததை வேட்டித் துணியில் கட்டி, அம்மிக் குழவியை மேலே ஏற்றிவிட்டால் மத்தியானத்துக்குள் பன்னீர் தயார். ஆரப்பாளையத்தில் சமையல் ஆர்டர் எடுக்கும் ரங்கநாயகி ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, "எம்புட்டு மெத்துனு இருக்கு! வாராவாரம் கொண்டு வா" என்றதிலிருந்து செல்வியின் நடையே மாறிப்போனது.

இருளாயிக்குத்தான் பொறுக்கவில்லை. பால் தானாகத் திரிந்தால் அது வேறு. நல்ல பாலை வேண்டுமென்றே திரிப்பது அந்த வீட்டில் நடந்ததே இல்லை.

"இப்பிடித் திரிச்சா மாட்டு மடிக்குத்தேன் ஆகாது. சொல்லிப்புட்டேன்."

"டவுனுல அம்புட்டுக் கடையிலயும் பன்னீர் விக்குது. மாடெல்லாம் மடி வத்தியா போச்சு? சும்மா இரு ஆத்தா" என்று மலைச்சாமி சிரித்து அடக்கினான். அவன் தன் பக்கம் நின்றது செல்விக்குப் பெரிய தெம்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பால் கொதித்துக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழத்தை இன்னும் அரியக்கூட இல்லை. அதற்குள் பால் தானாகவே திரிதிரியாகப் பிரிந்தது. ஓடிப்போய் செவலையின் மடியைத் தொட்டாள். ஒரு காம்புப் பக்கம் கொதியாய்ச் சுட்டது, கல்லு மாதிரி இறுகியிருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் இருளாயி ஊரைக் கூட்டுவாள், பன்னீருக்கு அன்றோடு முழுக்கு. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள், பாவி. அந்தக் காம்பை மட்டும் தரையில் பீய்ச்சிவிட்டு, கன்று கூடுதலாகக் குடித்துவிட்டது என்று வீட்டில் சொன்னாள். கற்றாழையோடு மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்துப் பூச வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் மடி செக்கச்செவேலென்று காட்டிக்கொடுத்துவிடுமே! மருந்தே அந்த மஞ்சளும் சுண்ணாம்பும்தான். அவள் வெறும் கற்றாழையைத் தடவினாள். நான்கு நாள் இப்படியே போனது.

ஐந்தாம் நாள் செவலை எழுந்திருக்கவில்லை. மாட்டு டாக்டர் வந்து மடியை அழுத்திப் பார்த்தார்.

"எத்தனை நாளாச்சும்மா?"

இருளாயி பக்கத்திலேயே நின்றாள். "இன்னைக்குக் காலையிலதேன் சார்" என்றாள் செல்வி.

"ஒரே நாள்லயா?" என்று அவர் முகத்தைச் சுளித்தார். ஊசி போட்டார். ஈரத் தரையிலிருந்து கிருமி ஏறும் என்றார். பசு உயிர் பிழைத்தது. மடி பிழைக்கவில்லை, நான்கு காம்பும் வற்றிப்போயின.

"நான் சொன்னேன்ல!" என்று இருளாயி ஆரம்பித்தாள்.

"அவள ஒண்ணும் சொல்லாத ஆத்தா" என்று மலைச்சாமி குறுக்கே விழுந்தான். "டாக்டரு சொன்னதக் கேட்டேல்ல? நாந்தேன் தொழுவுக்குத் தளம் போடுறேன் போடுறேன்னு இழுத்தடிச்சேன். தப்பு எம் மேலதேன்."

அடுத்த சனிக்கிழமை வியாபாரி வந்து செவலையை வண்டியில் ஏற்றினான். எங்கே கொண்டுபோகிறான் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

மறுநாளே மலைச்சாமி சிமெண்டு வாங்கி வந்து, செவலை இல்லாத தொழுவத்துக்குத் தளம் போட்டான். செல்வி குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். மூன்றாவது குடத்தோடு வந்தபோது அவளால் தாங்க முடியவில்லை. சொல்லிவிடுவது என்று வாயெடுத்தாள்.

"ஏங்க..."

அவன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. "போன வருசமே இதப் போட்டிருந்தா, நம்ம செவலை இன்னைக்கும் இங்கனதேன் நின்னுருக்கும். இல்ல செல்வி?"

அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"ஆமாங்க" என்றாள்.