மாமாவின் பெட்டியும் தோணிக்காரரின் கம்பும்

எங்கள் வீட்டு டிவிக்கு மேலே பல வருடமாக ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. முன்பக்கத்தில் சின்னப் பச்சை விளக்கு எரியும். நவராத்திரியில் வாணி விழாவுக்கு அம்மா அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன அது என்று கேட்டால், "அதுதான் மச்சான் கொண்டந்த டிஜிட்டல் பெட்டி. படம் இவ்வளவு தெளிவா வாறது அதாலதான்" என்று அப்பா சொல்லுவார். அந்தப் பெட்டி தன் வாழ்நாளில் ஒரு படத்தையும் காட்டியதில்லை. இது வீட்டில் மாமாவுக்கும் அப்பாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். எனக்கு அப்போது பத்து வயது. பெரிய ஆட்கள் இப்படி வாய் கூசாமல் பொய் சொல்லலாமா என்று எனக்கு ஒரே கோபம்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. மீசை முளைத்த கையோடு கட்டாருக்கு வேலைக்குப் போனவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கட்டுகிற மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீட்டைக் கட்டிக் கொடுப்பது பெற்றவர்களின் பாடு, அவர்களுக்கு ஏலாவிட்டால் கூடப் பிறந்தவனின் பாடு. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நாங்கள் இருந்த கல்வீடு அப்படி மாமாவின் உழைப்பில் எழும்பியதுதான். இது எனக்குத் தெரியாததல்ல. வேலியில் பூவரசு நிற்பது எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு ஊருக்கு வெளியே வட்டையில் வயல் வேலை. ஊரில் யாரையும் ஒரு சொல் நோகச் சொல்லாத மனிதர், மாமாவைக் கண்டால் மட்டும் நாக்கு சும்மா இருக்காது. அந்தமுறை மாமா லீவில் வந்து, அட்டைப் பெட்டியைப் பிரித்து, கறுப்புப் பெட்டியைப் பூப்போல வெளியில் எடுத்தபோதும் அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்தபடி ஆரம்பித்தார்.

"இது என்ன மச்சான் செய்யும்?"

"அத்தான், அன்டெனாவுல வாற படத்த இது கழுவித் துடைச்சுச் சுத்தமாத் தரும்."

"அப்பிடியா? சவுக்காரம் எதுக்குள்ள போடுற?"

அம்மா குசினிக்குள் போய்ச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

மாமாவைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் டிவியில் செய்தி வாசிக்கிறவருக்கு எப்போதும் இரண்டு மூக்கு. கச்சான் காற்று அடித்தால் அந்த இரண்டு மூக்கும் போய் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். கட்டாரில் கடைக்காரன், எந்த ஊர் அன்டெனாவிலும் இது வேலை செய்யும் என்று சொல்லித்தான் விற்றானாம். எங்கள் ஊரின் பெயர்கூட அவனுக்குத் தெரிந்திருக்காது, பாவி.

மாமா அன்டெனா வயரை டிவியிலிருந்து கழற்றிப் பெட்டியில் குத்தினார். பெட்டியிலிருந்து மூன்று நிற வயர்களை டிவிக்குக் கொடுத்தார். திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்துகள் பளிச்சென்று வந்தன. வீட்டில் எல்லோரும் வாயைப் பிளந்தோம்.

"பாத்தீங்களா அக்கா, எழுத்து எப்பிடிக் கண்ணாடி மாதிரி இரிக்கி எண்டு!" என்றார் மாமா அம்மாவைப் பார்த்து.

எழுத்து கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. பெட்டி சேனல் தேடத் தொடங்கியது. பத்து வீதம், இருபது வீதம் என்று ஏறி நூறு வீதத்தில் வந்து நின்றது. எங்களில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர் எனக்கு மூத்த அக்காதான். அவர் குனிந்து பார்த்து, "கண்டுபிடிச்ச சேனல் பூச்சியமாம்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு வேலையே நடக்கவில்லை. மாமா கூரையில், அக்கா யன்னலில், நான் டிவிக்கு முன்னால். "இப்ப?" என்று மேலிருந்து கேட்கும். "இல்ல!" என்று நான் கத்துவேன். "இல்லயாம்!" என்று அக்கா மேலே அனுப்புவார். அன்டெனா அமிர்தகழிப் பக்கம் பார்த்தது, வெல்லாவெளிப் பக்கம் பார்த்தது, கடலைப் பார்த்தது, ஒருநாள் வானத்தையே பார்த்தது. பூச்சியம் பூச்சியமாகவே இருந்தது. கடைசியில் உயரம் போதாது என்று மாமா தீர்ப்புச் சொன்னார்.

அடுத்த வளவில் வாவியில் மீன் பிடிக்கிற பெரியப்பா ஒருவர் இருந்தார். சொந்தப் பெரியப்பா இல்லை, ஊரே அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடும். தோணியை ஊன்றித் தள்ளுகிற நீளக் கம்பு ஒன்று அவரிடம் இருந்தது. மாமா கேட்டதும் மனுசன் கம்பைத் தந்ததுமில்லாமல், தானே வந்து சுவரோரம் நட்டு, தோணி கட்டுகிற முடிச்சுப் போட்டு இறுக்கியும் விட்டார். புயல் வந்தாலும் அசையாது என்றார். அன்டெனா தென்னை வட்டுக்குச் சமமாக நின்றது. பெட்டி மறுபடி தேடியது. பூச்சியம்.

அடுத்த நாள் விடிய பெரியப்பா படலையில் நின்றார். "தம்பி, கம்பு வேலை முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம் சுணங்கும் பெரியப்பா."

"அப்ப நான் தோணியக் கையாலயா தள்ளுற?"

ஒவ்வொரு காலையும் இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் நடந்தன. அப்பா பல் துலக்கிக்கொண்டே ரசித்துக் கேட்பார்.

இதற்கிடையில்தான் வந்தது அக்காவின் விஷயம். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போய்க் கோலாட்டத்தைப் படம் பிடித்திருந்தார்கள். அது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு டிவியில் போகும் என்று அறிவித்தல் வந்தது. அக்கா முன்வரிசையில் மூன்றாவது ஆள். அம்மாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மாமாவுக்கு அதைவிட மோசம். சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலடி, கடையடி, ஆட்டத்துப் பிள்ளைகளின் வீடுகள் என்று ஒன்று விடாமல் போய், "ஞாயிற்றுக்கிழமை எங்கட அக்கா வீட்ட வாங்க, டிஜிட்டல்ல பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பெட்டி அப்போதும் பூச்சியம்தான்.

சனிக்கிழமை காலை மாமா பெட்டியைத் துவாயில் சுற்றி என் மடியில் தந்து, என்னை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக் களுவாஞ்சிக்குடிக்குப் போனார். டிவி திருத்துகிற கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்து, மூடி, மாமாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணன், சாமான் புதுச் சாமான். பழுது ஒண்டும் இல்ல. ஆனா நம்மட பக்கம் டிஜிட்டல்ல இன்னும் ஒருத்தரும் அனுப்புறல்லயே! அனுப்பினாத்தானே இது புடிக்கும்? அன்டெனா வயர நேரா டிவியில குத்துங்க, பழைய மாதிரிப் படம் வரும்."

வரும் வழியில் பாலத்தில் மாமா வண்டியை நிறுத்தினார். எனக்கு விஷயம் மிகவும் சுலபமாகத் தெரிந்தது.

"அப்ப நேரா டிவியில குத்துவம் மாமா. அக்காவப் பாக்கலாம்தானே?"

"குத்தலாம் புள்ள." அவர் என்னைப் பார்க்கவில்லை. "இந்தமுறை எனக்கெண்டு வாங்கிக் கொண்டந்தது இது ஒண்டுதான். உங்கப்பாக்கு முன்னால…" என்று இழுத்துவிட்டு நிறுத்தினார். பிறகு, "நாளைக்கு நாலு மணிக்கு முன்ன நானே கழட்டிக் குத்துறன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத" என்றார். அதற்குக் கூலியாக எனக்கு ஐஸ்கிறீம் கிடைத்தது. பெட்டியைப் பிடித்துக்கொண்டே தின்றதால் துவாயெல்லாம் ஐஸ்கிறீம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கே வீடு நிரம்பிவிட்டது. பிள்ளைகள் நிலத்தில், பெண்கள் பாயில், ஆண்கள் வாசலில். தோணிக்காரப் பெரியப்பா தன் கம்பை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து முன்னுக்கே இடம் பிடித்தார். அம்மா முறுக்கும் பால் விடாத பிளேன்ரீயும் கொடுத்துக்கொண்டிருந்தார். திரையில் நீலம்.

"என்னகா இது, நீலமாவே இரிக்கி?" என்றார் ஒரு மாமி.

"பொறுங்க, பெட்டி தேடுது" என்றார் மாமா. நெற்றியெல்லாம் வேர்வை.

மூன்றே முக்காலுக்கு நான் அவருக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் டிவிக்குப் பின்னால் கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்துத்தானா அந்த மாமி, "பழைய டிவிய நாங்க வீட்டிலயே பாப்பம்தானே! இந்தப் பெட்டியப் பாக்கத்தானே இவ்வளவு தூரம் நடந்து வந்த!" என்று சொல்ல வேண்டும்? மாமாவின் கை அப்படியே நின்றுவிட்டது. கையை எடுத்து வேட்டியில் துடைத்தார். "கம்பு கொஞ்சம் திரும்பியிருக்கும். நான் வெளிய போய்ச் சரி பண்ணிறன்" என்று சொல்லிவிட்டு ஒருவரையும் பாராமல் போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மணிக்கூட்டில் நாலுக்கு ஐந்து நிமிடம். அக்கா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தன்னைத் தானே பார்ப்பதற்குக் கைகளைக் கோர்த்தபடி இருக்கிறார். நான் சத்தம் போட்டு உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழும்பினேன்.

எனக்கு முந்தி எழும்பியது அப்பா. "இதென்ன, டிவிக்குப் பின்னால ஒரே தூசி" என்றார். தூசி துடைக்கிற வழக்கம் அப்பாவுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. தோளில் கிடந்த துவாயோடு பின்னால் குனிந்தார். பக்கத்தில் நின்ற எனக்கு எல்லாம் தெரிந்தது. பெட்டியிலிருந்து அன்டெனா வயரை உருவினார், டிவியில் குத்தினார், எழும்பும்போது மடிக்குள் மறைத்திருந்த டிவியின் பழைய ரிமோட்டை ஒரு அழுத்து அழுத்தினார். அது எப்போது அவர் மடிக்குள் போனது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

படம் வந்தது. அதுவும் எப்படி! அன்டெனா தென்னை உயரத்தில் நின்றதாலோ என்னவோ, எங்கள் டிவியில் அவ்வளவு தெளிவான படத்தை நாங்கள் கண்டதே இல்லை. அறிவிப்பாளருக்கு ஒரே ஒரு மூக்கு.

அப்பா யன்னலுக்குப் போய் வெளியே பார்த்துக் கத்தினார். "மச்சான்! வந்திட்டு! அப்பிடியே புடி!"

சனம் கைதட்டியது. கோலாட்டம் தொடங்கியது. "அந்தா என்ட புள்ள!" என்று அம்மா திரையைத் தொட்டுக் காட்டியதில் பாதி ஆட்டம் அம்மாவின் கைக்குப் பின்னால் போனது. அக்கா ஓரிடத்தில் கோலை மாறி அடித்ததை நான் மட்டும் கண்டுபிடித்துச் சொன்னேன், தலையில் ஒரு குட்டு விழுந்தது. ஆனால் மாமாவைக் காணவில்லை. கூட்டிவரலாம் என்று வெளியே ஓடினேன்.

மாமா இரண்டு கையாலும் கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து யன்னலுக்குள்ளால் திரையின் ஒரு துண்டு தெரிந்தது. அவர் கண் நிறையக் கண்ணீர்.

"வாங்க மாமா, அக்கா ஆடுறா!"

"விட்டா படம் போயிடும் புள்ள. நீ போய்ப் பாரு."

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பெரியப்பா போட்ட முடிச்சு, புயலுக்கும் அசையாது. பெட்டியில் படம் வராது என்பது மாமாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு ஏன் அழுதுகொண்டு கம்பைப் பிடிக்க வேண்டும்? ஆட்டம் முடியும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

முடிந்ததும் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்று புகழ்ந்தார்கள். பெரியப்பா மட்டும், "பெட்டி என்ன பெட்டி, என்ட கம்புதான் படத்தப் புடிச்சது" என்றார். இவ்வளவு காலமும் மாமாவை விட்டுவைக்காத அப்பா, மாமா உள்ளே வந்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "கட்டார்ச் சாமான் எண்டா சும்மாவா? என்ட மச்சான் பாத்து வாங்கினதெல்லோ!"

"அப்பா, நீங்கதானே வயர…" என்று நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் ஒரு முழு முறுக்கு வந்து விழுந்தது. "தின்னு மகள். நல்லாக் கடிச்சுத் தின்னு" என்றார் அப்பா. கடித்து முடிக்கும்போது பேச்சு வேறெங்கோ போயிருந்தது.

மறுநாள் அப்பா தானே வெட்டிய கமுக மரம் ஒன்றைக் கொண்டுவந்து நட்டு அன்டெனாவை ஏற்றினார். மாமா மறுபக்கம் பிடித்தார். இரண்டு பேரும் வயரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கம்பு பெரியப்பாவிடம் போனது, வாவியில் தோணி ஓடியது. லீவு முடிந்து மாமா கட்டாருக்குப் போனார்.

அதன்பிறகு ஒவ்வொரு தடவை போன் கோல் எடுக்கும்போதும் மாமா கேட்பார்: "அத்தான், பெட்டி எப்பிடி இரிக்கி?" அப்பா சொல்லுவார்: "தங்கமா ஓடுது மச்சான்." இரண்டு பேருக்கும் மூளை பிசகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

பல வருடம் கழித்து அக்காவுக்குக் கல்யாணம் பேசி, வீட்டை அவர் பேருக்கு எழுத இரண்டு பக்கமும் கூடி இருந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் மரியாதைக்கு, "நல்ல வீடு கட்டியிருக்கீங்க" என்று அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "இதுல நான் வச்ச கல் ஒண்டும் இல்ல. எல்லாம் மச்சான் கட்டார் வெயில்ல நிண்டு கட்டினது. எனக்கு அதச் சொல்ல வாய் வர இவ்வளவு காலம் எடுத்திட்டு." மாமா அப்போதும் கட்டாரில்தான். அவருக்கென்று எங்கும் ஒரு வீடு இல்லை. எனக்கு அங்கே இருக்கவே முடியவில்லை. எழும்பி டிவியடிக்குப் போனேன்.

ஆனால் பத்து வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஒருநாள் போன் கோலில் அவர்கள் அப்படிக் கதைத்துக்கொண்டிருக்கும்போது, இந்தப் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று டிவிக்குப் பின்னால் ஊர்ந்து போய்ப் பார்த்தேன். அன்டெனா வயர் டிவியில்தான் குத்தியிருந்தது. பெட்டி மட்டும், ஒன்றுமே வராவிட்டாலும், பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டிருந்தது. அநியாயத்துக்குக் கரண்ட் போகிறதே என்று அதை நிறுத்தக் கையை வைத்தேன். ரிசீவரைக் காதில் வைத்திருந்த அப்பா, மறுகையால் என் கையை மெல்லப் பிடித்து எடுத்துவிட்டார்.