இடைவேளை இல்லாத நாடகம்

இன்று காலை இரும்புலியூர் சிக்னலில் நின்றபோது நான் ஓட்டும் பள்ளி வேனுக்குள் ஒரே சண்டை.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சனிக்கிழமை தி.நகருக்கு நாடகம் பார்க்கக் கூட்டிப்போகிறோம். எந்த நாடகம் என்பதுதான் தகராறு. பிள்ளைகளுக்குக் காமெடி வேண்டும். தமிழ் டீச்சருக்கு ராஜா கதை வேண்டும்.

நான் டீச்சர் கட்சி. "ராஜா கதைக்கே போலாம் டீச்சர். கிரீடம்லாம் இன்னா பளபளன்னு கீது போஸ்டர்ல!" என்றேன்.

"அண்ணா, நீங்க என்னைக்கு உள்ள வந்து பாத்தீங்க? வேன்லதான தூங்குவீங்க?" என்றாள் ஷாஹிதா.

"நீ டிக்கெட் வாங்கி உள்ள தூங்குற, நான் வெளிய தூங்குறேன். இன்னாமா வித்தியாசம்?"

வேனே சிரித்தது. டீச்சர் கை தூக்கச் சொன்னார். எல்லாக் கையும் காமெடிக்கே.

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். எனக்கு ராஜாவும் தெரியாது, மந்திரியும் தெரியாது. ராஜா கதையில் இடைவேளை உண்டு, காமெடியில் கிடையாது. அவ்வளவுதான்.

போன வருஷம் இடைவேளையில் எல்லாப் பிள்ளைகளும் சமோசாவோடு வேனுக்கு ஓடிவந்து, ஆளுக்கொரு பக்கமாக எனக்குக் கதை சொன்னார்கள். வில்லன் யார் என்று இன்றுவரை புரியவில்லை. ஆனால் என் மனைவி இறந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் தி.நகர் பக்கம் யாராவது வருகிறீர்களா? சபா வாசலில் மஞ்சள் வேன். கண்ணாடியைத் தட்டினால் போதும், தூங்கமாட்டேன். சமோசா என் செலவு, கதை உங்கள் பொறுப்பு.