குச்சி நட்ட காட்டில் பறித்த கீரை

எங்கள் வீட்டில் சமையல் என் பொறுப்பு. யாரும் என் தலையில் கட்டியதல்ல, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. மனைவி தேயிலைக் காட்டில் கொழுந்து பறிப்பவள். காலையில் போனால், பறித்ததை எடை போட்டுவிட்டு வீடு வந்து சேர ஆறு மணியாகிவிடும். நான் மூணாறில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறேன். மழைக்காலம் பிடித்துவிட்டால் வாரத்துக்கு இரண்டு சவாரி கிடைப்பதே பெரிது. வெட்டியாக உட்கார்ந்துகொண்டு, அவள் நனைந்து வந்து அடுப்பு மூட்டட்டும் என்று காத்திருக்க எனக்கு மனசு வராது. தவிர, ஆறு மணி வரை பசி தாங்கவும் மாட்டேன்.

நான் பிறந்தது முதலமடைப் பக்கம். மாந்தோப்பும் புழுதியுமான ஊர். அங்கே ஒரு மழை பெய்தால் போதும், பத்தாவது நாள் தோப்புக்குள் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் தலைகாட்டும். அதைப் பருப்போடு வேகவைத்து மத்தால் கடைந்து, சோற்றில் ஊற்றிப் பிசைந்து தின்று வளர்ந்த உடம்பு இது. கல்யாணமாகி இந்த எஸ்டேட் லயத்துக்குக் குடிவந்தபோது முதலில் தேடியதும் கீரையைத்தான். ஒரே கூரைக்கு அடியில் ஆறு வீடுகள் வரிசையாக இருப்பதைத்தான் லயம் என்போம். வாசலில் இறங்கினால் தேயிலை, தேயிலையின் காலடியில் கீரை. நான் சுக்குட்டிக் கீரை என்றால் அவள் மணத்தக்காளி என்பாள். அவளுடைய முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள். இத்தனை வருஷமாக ஒரே கீரைக்கு எங்கள் வீட்டில் இரண்டு பெயர். கடைந்து தட்டில் போட்டுவிட்டால் வாதம் நின்றுவிடும்.

காட்டில் கீரை பறிக்க ஒரு கட்டுப்பாடு உண்டு. களை மண்டினால் எஸ்டேட்டில் மருந்து அடிப்பார்கள். மருந்து பட்ட இலை அன்றைக்கே வாடாது. நாலைந்து நாள் பச்சைப்பசேலென்று நின்றுவிட்டுத்தான் மஞ்சளாகும். அதனால் மருந்தடித்தவர் அந்தக் காட்டின் முகப்பில் ஒரு குச்சியை நட்டு, அதில் கிழிந்த உரச்சாக்குத் துண்டைக் கட்டிவிட்டுப் போவார். குச்சி நின்றால் அந்தக் காட்டில் யாரும் கீரைக்குக் குனிய மாட்டார்கள். எழுதி வைத்த சட்டம் இல்லை. குச்சி இல்லாவிட்டால் தாராளமாகப் பறிக்கலாம் என்பதும் அதே கட்டுப்பாட்டின் இன்னொரு பாதி.

எனக்கு வேறொரு கட்டுப்பாடு இருந்தது. வழியில் பிளாஸ்டிக் கிடந்தால் அபராதம் முதலில் ஜீப்காரன் தலையில்தான் விழும். அதனால் ஜீப்பின் பின்னால் ஒரு கோணியைக் கட்டி வைத்திருப்பேன். சவாரி வருகிறவர்கள் தின்றுவிட்டு எறிகிற கவர்களைப் பொறுக்கிப் பொறுக்கி, கடைசியில் எங்கே எதைப் பார்த்தாலும் கை தானாக நீளும் நிலைமைக்கு வந்திருந்தேன். கூடவே வாயும் நீளும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஆனி மாதம் இரண்டு நாள் மழை விட்டிருந்தது. மத்தியானம் சவாரி முடிந்து திரும்பும்போது, பிள்ளைக் காப்பகத்து வளைவுக்குக் கீழே இருக்கிற காட்டில் சுக்குட்டி தளதளவென்று நிற்பது கண்ணில் பட்டது. வண்டியை ஓரம் கட்டினேன். காட்டின் முகப்பில் ஒரு குச்சி, குச்சியில் பளபளவென்று ஒரு பெரிய சிப்ஸ் கவர். சாக்குத் துண்டாக இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன். சிப்ஸ் கவரைப் பார்த்ததும் எனக்கு ஏறியது கோபம் மட்டும்தான். தின்றுவிட்டுச் சும்மா எறியாமல், கொடி நாட்டிவிட்டு வேறு போயிருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே குச்சியோடு பிடுங்கிக் கோணியில் திணித்தேன். பிறகு நிதானமாக ஒரு துண்டு நிறையக் கீரை பறித்தேன். அன்றைக்கு நல்ல காரியம் இரண்டு செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

மனைவி வரும்போது கீரை வெந்து, சட்டியைக் காலிடுக்கில் வைத்து நான் கடைந்துகொண்டிருந்தேன். கடையும்போது என் வாய் சும்மா இருக்காது. அவள் காலில் ஏறியிருந்த அட்டையைத் தட்டிவிட்டுக் கால் கழுவுகிற நேரத்துக்குள், ஊர் சுற்ற வருகிறவர்கள் மலையைக் குப்பைமேடாக்குவதைப் பற்றி ஆரம்பித்து, சிப்ஸ் கவரைக் குச்சியில் கட்டி நட்ட கதைக்கு வந்திருந்தேன்.

அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"குச்சியிலயா? எந்தக் காட்டுல?"

சொன்னேன். அவள் ஜீப்புக்குப் போய்க் கோணியைக் கவிழ்த்துத் தேடி, குச்சியை எடுத்துக்கொண்டு வந்தாள். கவரைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள்.

"இது மருந்தடிக்கிற அண்ணன் போடுற முடிச்சு. சாக்கு கிடைக்காம இதக் கட்டியிருக்காரு. நீங்க சாப்பிட்டீங்களா?"

பதம் பார்க்க உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நக்கியிருந்தேன், அவ்வளவுதான். சொன்னேன். அவள் சட்டியை என் காலிடுக்கிலிருந்து பிடுங்கினாள். வெளியே கொண்டுபோகத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"பக்கத்து வீட்டு அக்கா இன்னைக்கு நாலு மணிக்கே கிளம்பி அந்த வழியாத்தான் வந்தாங்க. குச்சி இல்லையேன்னு மடி நிறையப் பறிச்சேன்னு இப்பத்தான் வாசல்ல சொன்னாங்க."

பக்கத்து வீட்டு அக்கா என் மனைவியோடு ஒரே கூட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தது. எட்டாம் மாதம். ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதிலிருந்து அக்கா ஒரு நாள் தவறாமல் மகளுக்குக் கீரை செய்துகொண்டிருந்தார்.

இரண்டு வாசலுக்கும் நடுவே பத்தடி இருக்காது. நாங்கள் போனபோது அந்தப் பிள்ளை சாப்பிட்டு முடித்துத் தட்டை வழித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, வாங்க மாமா என்று சிரித்தது. நான் வாசற்படியிலேயே நின்றேன். அந்தக் காட்டில் மருந்தடித்திருக்கிறது என்று மட்டும் மனைவி சொன்னாள். அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. குச்சி இல்லையே, நான் பார்த்துத்தானே பறித்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் சாவியை எடுக்க ஓடினேன். என்ன மருந்து என்று கேட்க, மருந்தடிப்பவர் வீட்டுக்கு மனைவி ஓடினாள். போகிற வழியில் மற்ற வீடுகளிலும் எட்டிப் பார்த்திருக்கிறாள். நல்லவேளை, வேறு யாரும் அன்றைக்குக் கீரை வைக்கவில்லை.

ஆசுபத்திரி நாற்பது நிமிஷத் தொலைவு. பள்ளத்தில் விட்டால் பிள்ளைக்கு ஆகாது, மெதுவாகப் போனால் நேரமாகிவிடும். என் ஆயுளில் அவ்வளவு கவனமாக வண்டி ஓட்டியதில்லை. பின்சீட்டில் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு மந்திரத்துக்கும் அடுத்த மந்திரத்துக்கும் நடுவில் மருந்தடிப்பவரைச் சபித்தார். குச்சி நடத் துப்பில்லாதவன், வயிற்றுப்பிள்ளை பாவம் அவனைச் சும்மா விடாது, நாளைக்கே மேனேஜர் துரையிடம் சொல்லி அவன் வேலைக்கு வேட்டு வைக்கிறேன் என்றார். அந்த மனுஷன் தற்காலிக வேலைக்காரர். ஒரு வார்த்தை போதும், அவரை நிறுத்திவிடுவார்கள்.

மூன்று வளைவு வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை, சும்மாதானே இருக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற வாய், வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொண்டது. நாலாவது வளைவில்தான் திறந்தது.

"அக்கா, அவர் குச்சி நட்டிருந்தாருங்க. குப்பைன்னு நெனச்சு நாந்தானுங்க புடுங்கிப்போட்டேன்."

ஜெபமாலை நின்றது. கண்ணாடியில் பார்க்கத் துணிவில்லை. சாலையை மட்டும் பார்த்தேன். பின்னாலிருந்து அக்கா குரல் வந்தது.

"வண்டிய நிறுத்திராத தம்பி. ஓட்டு."

அவ்வளவுதான். மறுபடி ஜெபமாலை உருளும் சத்தம் கேட்டது. சாபம் மட்டும் இல்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் அந்த வழி அவ்வளவு நீளமாக இருந்திருக்காது.

ஆசுபத்திரியில் மலையாளி டாக்டர் ஒருவர் என்ன மருந்து என்று கேட்டார். அதற்குள் மருந்தடிப்பவரே யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார், கையில் காலி டப்பாவோடு. என் மனைவி போய்ச் சொன்னதும், வேலைக்குப் போட்டிருந்த சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பியிருக்கிறார். டாக்டர் டப்பாவில் இருந்ததைப் படித்தார். கீரையைக் கழுவினீர்களா, வேகவைத்தீர்களா, எவ்வளவு சாப்பிட்டது என்று விவரமாகக் கேட்டார். பேடிக்கண்டா, ஆனாலும் ஒரு ராத்திரி இங்கே இருக்கட்டும், குழந்தையின் நெஞ்சுத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். பயப்படாதே என்று டாக்டர் சொன்ன பிறகுதான், ஜீப்பை அணைக்காமல் வாசலில் விட்டுவிட்டு வந்தது எனக்கு நினைவு வந்தது.

மருந்தடிப்பவர் சுவரோரம் ஒதுங்கி நின்றார். நான் கட்டினேன் அக்கா, சாக்கு இல்லாததால் கவரைக் கட்டினேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அக்கா அவரருகே போய், உன் மேல் தப்பில்லை, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். என் பக்கம் அவர் திரும்பவில்லை.

அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். விடிந்து, மனைவி இரண்டு தடவை போன் செய்து, மூன்றாம் தடவை அடிக்கும்போது அக்கா வெளியே வந்தார்.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. துடிப்பு நல்லாருக்காம்."

நான் எழுந்து நின்றேன். அழுகைதான் வந்தது. வெட்கப்படவில்லை, அழுதேன். அவர் நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு, இங்கே கொடுக்கிற ரொட்டி அவளுக்கு இறங்கவில்லை, ராத்திரியிலிருந்து வயிறு காலி என்றார்.

"வீட்டுக்குப் போயி ஏதாவது கடைஞ்சு எடுத்துட்டு வா தம்பி."

நானுங்களா என்று கேட்டேன். பின்னே யார், உன் பெண்டாட்டிக்குக் கடையவா தெரியும் என்றார்.

வீடு வந்தபோது மனைவி வேலைக்குப் போகாமல் லயத்துக்குப் பின்னால் குனிந்து நின்றாள். அங்கே, கழிவு நீர் ஓடுகிற வாய்க்காலுக்கு மேல், எங்களுக்கு நாலு முழம் அகலத்தில் ஒரு பாத்தி இருக்கிறது. ஒரு ஓரம் பீன்ஸ், ஒரு ஓரம் புதினா, மேலே சௌசௌ பந்தல், மீதி இடத்தில் முளைக்கீரை. அடுப்புச் சாம்பலையும் மாட்டுச் சாணத்தையும் தவிர அந்த மண் வேறெதையும் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கொத்திவிடுவாள், மற்ற நாட்களில் கோழி உள்ளே போகாமல் பார்ப்பது என் வேலை. இவ்வளவு கையருகே வைத்துக்கொண்டு ஏன் காட்டுக்குப் போனோம் என்றால், காட்டுக் கீரையின் ருசி வேறு. அன்றைக்கு ருசியைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

அவள் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துக் கிள்ளித் தந்தாள். நாலு தண்ணீரில் அலசினாள். நான் வாங்கி இன்னும் இரண்டு தண்ணீரில் அலசினேன். பருப்பு வெந்து, கீரை வெந்து, நான் மத்தைப் பிடித்தேன். சட்டி ஆடாமல் அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கடைந்து முடிக்கும்வரை ஒரு வார்த்தையும் என்னைக் குறை சொல்லவில்லை. நேற்றிலிருந்தே சொல்லவில்லை. அதற்காக அவள் காலில் விழலாம் போலிருந்தது. விழுந்தால் சிரிப்பாள் என்று விழவில்லை.

இரண்டு பேருமாகத் தூக்குவாளியில் சோறும் கடைசலும் எடுத்துக்கொண்டு போனோம். அந்தப் பிள்ளை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. வழியெல்லாம் நான் ஒன்றை முடிவு செய்து வைத்திருந்தேன். எல்லோரும் பார்க்க முதல் வாய் நான் சாப்பிட வேண்டும், அதன் பிறகுதான் அது சாப்பிட வேண்டும். தட்டில் சோறு போட்டு, கடைசலை ஊற்றிப் பிசைந்து, ஒரு கவளம் எடுத்து என் வாய்க்குக் கொண்டுபோனேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். கவளத்தை என் விரல்களிலிருந்து வாங்கி, நேராக மகள் வாயில் வைத்தார்.

அது மென்றது. விழுங்கியது. நாங்கள் மூன்று பேரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உப்பு கொஞ்சம் தூக்கல் மாமா" என்றது, அடுத்த வாய்க்கு வாயைத் திறந்துகொண்டே.