விமானத்தைத் தட்டியவர்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், விழுந்து கிடந்த சண்டை விமானங்களின் தகட்டை அறுத்து ஆயர் ஈத்தாம் சந்தைக்குக் கொண்டுவருவார் அந்தப் பழைய இரும்புக்காரர். நான் அதைச் சட்டி பானையாக அடிப்பேன். வற்றிய உடம்பு, கோணிச் சட்டை, எப்போதும் எண்ணெய் நாற்றம்.

ஒருமுறை தகடு சுமக்க அவருடன் பட்டர்வொர்த் பக்கத்து வயலுக்குப் போனேன். விமானம் மாதக்கணக்காகச் சேற்றில் கிடந்தது. மேலே புல்கூட முளைத்துவிட்டது. அவர் அதை மூன்று முறை தட்டினார். காதை வைத்துக் காத்திருந்தார். பிறகுதான் ரம்பத்தை எடுத்தார்.

"இதுக்குள்ள யாருண்ணே இருக்கப் போறா?" என்று சிரித்தேன்.

"மொத விமானத்துல நானும் அப்படித்தான் நெனச்சேன் தம்பி. ஓட்டுனவன் செத்துட்டான்னு றெக்கைய அறுத்துக்கிட்டிருந்தேன். காலையில உள்ளேருந்து தட்டுனான். தகடு காத்துல ஆடுதுன்னு விட்டுட்டேன்லா. மத்தியானம் கண்ணாடிய ஒடச்சப்ப கை இன்னும் சூடா இருந்துச்சு."

"அந்தத் தகட்டை என்ன செஞ்சீங்க?"

"ஒங்கிட்டதான கொடுத்தேன்."

அவர் முதலில் கொண்டுவந்த தகட்டில்தான் எங்கள் வீட்டுச் சட்டியை அடித்திருந்தேன். மரவள்ளிக் கிழங்கு கொதிக்கும்போது அதன் மூடி தட்டும். வெந்துவிட்டது என்று அம்மா இறக்கப் போவார். அன்றிலிருந்து நான் வாசலுக்கு எழுந்து போய்விடுவேன். அங்கேயும் கேட்கும்.