கஞ்சிச் சட்டியில் கரண்ட்

நல்ல காரியம் செய்யப் போய், தங்கச்சி மகளின் ஆராய்ச்சியைப் போன வாரம் போர்த்தி மூடிவிட்டேன்!

ருஷ்தா கொழும்பில் ஆராய்ச்சி மாணவி. சூட்டை மின்சாரமாக்கும் பிளாஸ்டிக் செய்கிறாள். இன்னும் ஒரு வருடம் வேண்டும் என்றாள். அவளுடைய வாப்பா, அதாவது என் மச்சான், புத்தளத்தில் உப்பளம் வைத்திருப்பவர். 'பக்கத்துப் பாடசாலையில் கிடைத்திருக்கிற டீச்சர் வேலையை எடு' என்றார். சனிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

"மூணு வருசமா என்னதான் செய்யிறாய் மகள்?" என்று மச்சான் கேட்டார். நோன்பு நாள், ருஷ்தா ஊருக்கு வந்திருந்தாள்; மாலை அசர் தொழுகை முடித்து வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

அவள் ஒரு தாளில் வளையங்களை வரிசையாக வரைந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்.

"இதுதான் மூலக்கூறு, வாப்பா. கரண்ட் வளையங்கள் வழியா ஓடும். வால் நீளமெண்டா லேசாக் கரையும், பூசுறது சுகம். ஆனா கரண்ட் தடைப்படும். வால் கட்டையெண்டா கரையவே கரையாது. எந்த அளவு சரியெண்டுதான் தேடுறன்."

"அப்ப மூணு வருசமா வாலைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாய்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

எழுந்து போய், தான் செய்த பிளாஸ்டிக்கில் ஒரு கறுப்புப் பட்டியைக் கொண்டுவந்தாள். பள்ளிவாசலில் வாங்கி வந்த நோன்புக் கஞ்சி அலுமினியச் சட்டியில் ஆவி பறக்க இருந்தது. பட்டியின் ஒரு முனையைச் சட்டியில் ஒட்டினாள், மறுமுனையைக் காற்றில் நீட்டிவிட்டாள். இரண்டு முனைக்கும் கரண்ட் அளக்கிற மீட்டரின் வயர். இலக்கம் மெல்ல ஏறியது... மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டார்.

எனக்குப் பொறுக்குமா? சூடு கூடினால் கரண்டும் கூடும்தானே! தடித்த டவலை எடுத்துச் சட்டி, பட்டி எல்லாவற்றையும் சேர்த்துப் போர்த்தினேன்.

இலக்கம் இறங்கியது. இறங்கி, இறங்கி... கிட்டத்தட்ட சைபர்.

"மாமா!" அவள் முகம் வாடிவிட்டது. "ஒரு முனை சூடாவும் மத்தது குளிராவும் இருக்கணும். ரெண்டும் ஒரே சூடெண்டா கரண்ட் வராது."

உதவி என்று வந்தால் நமக்குத் தெரிந்தது மூடி வைப்பது ஒன்றுதானே? வெட்கமாகப் போய்விட்டது.

மச்சான் டவலை உருவினார். பேப்பரை மடித்து, பட்டியின் வெளி முனைக்கு விசிறத் தொடங்கினார். நோன்பு வாயோடு, வியர்க்க வியர்க்க விசிறினார். இலக்கம் திரும்பவும் ஏறியது.

"இன்னொரு வருசத்தில சரிவருமா?"

"தெரியா வாப்பா. சரிவராமலும் போகலாம்."

"உப்பும் அப்பிடித்தான். மழை வந்தாக் கரைஞ்சிடும். அதுக்காகப் பாத்தி கட்டாமலா இருக்கிறம்? போய்ச் செஞ்சு பாரு மகள்."

சொல்லிவிட்டும் அவர் விசிறலை நிறுத்தவில்லை.

அன்று ஆறிப்போன கஞ்சியில்தான் நோன்பு திறந்தோம் — மச்சான் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.